எரர் நோட்டு: கல்லாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லா பார்க்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கையில் நோட்டு ஓடுகிறது. அதில் பதினைந்து வருஷமாக, பிழையாக அச்சாகி வந்த நோட்டுகளைத் தனியாக எடுத்து வைக்கிறேன். இது வெளியே தெரிந்ததிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்து அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஆடி மாதக் கூட்டத்தில் பில்லும் போட்டுக்கொண்டு பதிலும் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை எழுதி, பதிலையும் எழுதிவிட்டேன்.

எரர் நோட்டுன்னா கள்ள நோட்டாண்ணா?

இல்லை. கள்ள நோட்டு யாரோ வெளியில் அடித்தது. எரர் நோட்டு அரசாங்க அச்சகத்திலேயே அடித்தது, ஆனால் அடிக்கும்போது ஏதோ ஒன்று பிசகி, சோதனையிலும் தப்பி, கட்டோடு கட்டாக வெளியே வந்துவிட்டது. நாசிக், தேவாஸ், மைசூரு, சல்போனி என்று நம் நாட்டில் நான்கு இடங்களில்தான் நோட்டு அச்சாகிறது. பிழை அங்கே நேர்ந்திருந்தால்தான் அது எரர். வெளியே வந்த பிறகு நேர்ந்தது எல்லாம் சேதம்.

ஸ்டார் போட்ட நோட்டு வந்துச்சு. இது எரர்தானே?

எரர் இல்லை, கள்ள நோட்டும் இல்லை. அச்சகத்தில் ஒரு நோட்டு கெட்டுப்போனால் அதே எண்ணை மறுபடி அடித்துக்கொண்டிருக்காமல், முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரக் குறி போட்ட வேறொரு நோட்டை அந்த இடத்தில் வைக்கிறார்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாயில் 2006இல் ஆரம்பித்த வழக்கம் இது. ஸ்டார் போட்ட ஐந்நூறு 2016 டிசம்பரில் வந்தது. அது கள்ள நோட்டு என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றி, 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது.

ஒரு விதத்தில் ஸ்டார் நோட்டு எரருக்கு நேர் எதிர். கெட்டுப்போன நோட்டைப் பிடித்துவிட்டதற்கு அது சாட்சி. பிடிபடாமல் தப்பியதுதான் எரர்.

786 நம்பர், ஒரே நம்பர் ஆறு தடவை வர்ற நோட்டு எல்லாம் இதுல சேருமா?

சேராது. அதற்கு ஃபேன்சி நம்பர் என்று பெயர். மண்ணடிப் பக்கம் 786க்கு எப்போதும் கிராக்கி உண்டு, ஆனால் அச்சு சரியாகத்தான் இருக்கிறது.

ஒரே மாதிரி ரெண்டு நோட்டு, கலர் மட்டும் லேசா வேற வேற. இது எரரா?

மையில் லேசான சாயல் வித்தியாசம் சாதாரணம். புழங்கிய நோட்டு வெளுக்கவும் செய்யும். விடுங்கள்.

நோட்டை எப்படி அடிக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் இது புரியுமா சார்?

ஆமாம். மற்ற எல்லாப் பதிலும் இதில்தான் நிற்கிறது, அதனால் இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். காகிதம் ஆலையில் தயாராகும்போதே காந்தி நீர்க்குறியும் பாதுகாப்பு நூலும் அதற்குள் போய்விடும். அந்தக் காகிதம் பெரிய ஷீட்டாக அச்சகத்துக்கு வரும். முதலில் ஆஃப்செட்டில் பின்னணி வண்ணங்களும் மெல்லிய கோடுகளும். அடுத்து, நூறு ரூபாயிலும் அதற்கு மேலும், இன்டாக்லியோ என்கிற அழுத்த அச்சு. செதுக்கிய தட்டில் மையை நிரப்பி, பலமாக அழுத்தி எடுப்பார்கள். ஐந்நூறில் காந்தி படத்தை விரலால் தடவினால் சொரசொரவென்று இருப்பது அதனால்தான். அதற்குப் பிறகு எண் போடுவார்கள். கடைசியாக வெட்டு, கட்டு.

ஆக வரிசை இது: காகிதம், பின்னணி, அழுத்த அச்சு, எண், வெட்டு. எந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் மனதுக்குள் கேட்பது ஒன்றுதான்: இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும்? இயந்திரத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு கட்டத்தில் பிசகினால் அதற்கடுத்த கட்டங்களும் அதற்கேற்றபடிதான் விழும். பிளேடும் ஆசிடும் வைத்து வீட்டில் வேலை பார்ப்பவன் இந்த ஒழுங்கை மறந்துவிடுவான்.

எக்ஸ்ட்ரா பேப்பர்னு சொல்றாங்களே, அது என்ன?

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு பொங்கலுக்குச் சில்லறைக்காக பேங்கிலிருந்து பத்து ரூபாய்க் கட்டு வாங்கினோம். சலவை நோட்டு, பிரித்தால் விசிறி மாதிரி விரிகிறது. நடுவில் ஒரு நோட்டின் வலது கீழ் மூலை மட்டும் தடியாக, உள்பக்கம் மடிந்து கிடந்தது. நகத்தால் மெதுவாக நிமிர்த்தினேன். மடிப்பு விரிந்ததும் நோட்டின் விளிம்பைத் தாண்டி, காக்கை மூக்கு மாதிரி ஒரு முக்கோணம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதில் பாதி வெறும் வெள்ளை, ஷீட்டின் ஓரம். வெட்டும்போது அந்த மூலை உள்ளே மடிந்திருந்ததால் கத்தி அதைத் தொடவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, மடிப்பு எப்போது விழுந்தது என்பது. அச்செல்லாம் முடிந்து வெட்டுக்கு முன்னால் மடிந்திருந்தால், படமும் எண்ணும் முழுதாக இருக்கும், காகிதம் மட்டும் கூடுதலாக இருக்கும். அச்சுக்கு முன்பே மடிந்திருந்தால், மடிந்த பகுதியில் விழ வேண்டிய அச்சு அதன் முதுகில் விழுந்திருக்கும். நிமிர்த்தினால் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டும், அதற்குரிய துண்டுப் படம் பின்பக்கத்தில் கோணலாகவும் தெரியும். என்னுடையதில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மடலின் பின்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. படம் முழுதாக இருக்கிறது. படம் அச்சான பிறகு, எண் போடுவதற்கு முன்னால் மடிந்தது என்று அதுவே சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு நோட்டைப் பொய்யாகச் செய்வது மிகவும் கஷ்டம். புதிதாகச் சேர்ப்பவர்களை இந்த வகையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான்.

நோட்டுல ரெண்டு இடத்துல நம்பர் இருக்குமே, ரெண்டும் வேற வேறயா இருந்தா?

மிஸ்மேட்ச் என்பார்கள். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுவில் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிழிந்த நோட்டின் பாதிகளைச் சேர்த்து ஒட்டினாலும் எண் வேறு வேறாகத்தான் இருக்கும். ரிசர்வ் வங்கியின் நோட்டு மாற்று விதிகளில் அதற்குத் தனி வரையறையே இருக்கிறது. அது கிழிசல் நோட்டு வகை. பாரிமுனைப் பக்கம் கமிஷனுக்குக் கிழிசல் மாற்றித் தருகிறவர்களிடம் கேளுங்கள், ஒட்டு நோட்டு எவ்வளவு நேர்த்தியாக வரும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

ஒட்டு இல்லையென்றால் எந்த இலக்கம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். எண் போடுவது சுழலும் சக்கரங்கள். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 457399க்கு அடுத்து 457400 வர வேண்டும். ஒரு பக்கத்தில் நூறாம் இடத்துச் சக்கரம் மட்டும் நகராமல் சிக்கினால், ஒரு பக்கம் 457400, மறுபக்கம் 457300 என்று வரும். இது நம்பும்படியான பிழை. சம்பந்தமே இல்லாமல் 3 ஒன்று 8 ஆகியிருந்தால் லென்ஸை எடுங்கள். பேனாவில் வளைத்த கோடு காகித நாரில் ஊறிப் பரவியிருக்கும். ஊதா விளக்கிலும் (கள்ள நோட்டு பார்க்கும் யுவி விளக்கு) பாருங்கள்: எண்கள் ஒளிரும் மையில் அச்சானவை, கையால் சேர்த்த துண்டு மட்டும் ஒளிராமல் கறுப்பாகக் கிடக்கும்.

இன்னொன்று. ஒரு கட்டில் எண்கள் வரிசையாக வரும், சக்கரம் சிக்கினால் ஒரே ஒரு நோட்டோடு நிற்பது அபூர்வம். முன்னும் பின்னும் உள்ள நோட்டுகளையும் சேர்த்து வைத்திருப்பவர் சொல்வதை நான் உடனே நம்புவேன்.

நம்பரே இல்லாத நோட்டு ஒருத்தர் விக்கறார். வாங்கலாமா?

நான் ஏமாந்தது இதில்தான். எண் இல்லாத இருபது ரூபாய் நோட்டு ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மங்கலான பல்பு வெளிச்சத்தில், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கினேன். விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். வீட்டுக்கு வந்து ஊதா விளக்கைக் காட்டினால், எண் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் நீள்சதுரமாக ஒரு வெளிறிய திட்டு. லென்ஸில் பார்த்தால் அங்கே மட்டும் காகிதம் பூனைமயிர் மாதிரி சிலிர்த்து நின்றது. ரப்பரோ மருந்தோ ஏதோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பின்னணிக் கோடுகளும் அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருந்தன.

மேலே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். அச்சில் எண்தான் கடைசியில் வருவது. அது விழாமலே போயிருந்தால், அடியில் உள்ள பின்னணிக் கோடுகள் பளிச்சென்று, முழுதாக, மற்ற இடங்களைப் போலவே இருக்க வேண்டும். எண்ணோடு சேர்ந்து பின்னணியும் குறைந்திருந்தால் அழித்தது என்றே அர்த்தம். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க அதைவிட நல்ல நோட்டு என்னிடம் இல்லை.

காந்தி படமே இல்லாம ஒரு ஐந்நூறு இருக்கு. நிஜமா இருக்குமா?

இருக்கலாம். 2016 நவம்பருக்குப் பிறகு அவசர அவசரமாகப் புது நோட்டு அடித்த காலத்தில், காந்தி படம் விழாத நோட்டுகள் மக்கள் கைக்கு வந்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் அழுத்த அச்சின் மையை நீக்கினாலும் அழுத்தின தடம் எளிதில் போகாது. நோட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். மூக்குக் கண்ணாடி, சிரிப்பு எல்லாம் மேடுபள்ளமாகத் தெரிந்தால், அது படம் விழுந்து பிறகு போன நோட்டு.

நோட்டு வெளுத்து ஒரு கலரே காணோம். இது மிஸ்ஸிங் கலர் எரர்தானே?

சலவை நோட்டு என்றால் மடிப்புக் கலையாத புது நோட்டு என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வண்ணாரப்பேட்டையில் நிஜமாகவே சலவைக்குப் போய்வந்த நோட்டும் அதே கல்லாவுக்கு வரும். காசிமேட்டிலிருந்து உப்புத் தண்ணீரில் ஊறியதும் வரும். நிறம் போக ஆயிரம் வழி உண்டு.

ஊதா விளக்கு இங்கேயும் உதவும். நோட்டுக் காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாகத்தான் இருக்க வேண்டும், சின்னச் சின்ன நார்கள் மட்டும் மின்னும். சோப்புத்தூளில் துணி வெளுப்பாகத் தெரிவதற்காக ஒளிரும் பொருள் சேர்க்கிறார்கள். அதில் ஊறிய நோட்டு முழுவதும் நீலமாக ஜொலிக்கும். இயந்திரத்தில் ஒரு நிறம் விழாமல் போனால் அந்த நிறம் மட்டும்தான் போகும், மற்றவை புதிதுபோல் இருக்கும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வெளுத்திருந்தால் அது துவைத்தது.

வெள்ளி நூல் இல்லாத நோட்டு?

நூல் இல்லாமல் நோட்டு வந்ததுண்டு. 2016 தொடக்கத்தில் 5ஏஜி, 3ஏபி வரிசைகளில் நூலில்லாத ஆயிரம் ரூபாய் நோட்டுகள் பற்றிப் பெரிதாகச் செய்தி வந்தது. ஆனால் நூல் காகிதத்துக்குள் இருப்பது, உருவியெடுத்தால் தடம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மேலிருந்து கீழாக ஒரு வெளிர்கோடு தெரியும். மேல் விளிம்பை லென்ஸில் பார்த்தால் இரண்டு ஏடாகப் பிரிந்த வாய் தெரியும். நூலே போடாத காகிதத்தில் இது எதுவும் இருக்காது.

ஒரு பக்கம் அதிகமா வெட்டுப்பட்டு, படம் ஓரத்துக்குப் போயிருக்கு. இது?

அளவுகோல் எடுங்கள். புது ஐந்நூறு 150க்கு 66 மில்லிமீட்டர், புது நூறு 142க்கு 66, புது பத்து 123க்கு 63. ஒரு பக்கம் குறைந்து, எதிர்ப்பக்கத்தில் அதே அளவு கூடியிருந்தால் கத்தி நகர்ந்திருக்கிறது. அந்தக் கூடுதல் பகுதியில் பக்கத்து நோட்டின் ஒரு கீற்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கம் குறைந்து எதிர்ப்பக்கம் சரியாகவே இருந்தால், யாரோ வீட்டில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கத்துல முன்பக்கப் படம் கண்ணாடில தெரியற மாதிரி தலைகீழா விழுந்திருக்கு. இது எப்படிண்ணா?

இரண்டு விதமாக நடக்கும். ஈரம் காயாத ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் உட்கார்ந்தால், மை தடியாக உள்ள இடம் மட்டும் திட்டுத் திட்டாக ஒட்டும். அது மங்கலாக இருக்கும், விலையும் குறைவு. இன்னொன்று, ஒரு ஷீட் வராமல் இயந்திரம் வெறுமனே ஒரு சுற்று ஓடுவது. மை எதிர் உருளையில் விழுந்துவிடும். அடுத்து வரும் ஷீட்டின் முன்பக்கம் ஒழுங்காக அச்சாகும்போதே முதுகில் அந்த உருளையின் மை ஏறும். அதனால் இரண்டு படமும் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும்.

பொய்யாகச் செய்பவர்கள் இன்னொரு நோட்டை நனைத்து அழுத்துவார்கள். அதில் படத்தோடு எண்ணும் சேர்ந்து தலைகீழாக ஒட்டிவிடும். படம் அச்சாகும் கட்டத்தில் எண் ஏது? அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

எரர் நோட்டு எங்கே தேடறது?

புதுக் கட்டில். புழங்கிய நோட்டில் தேடினால் சேதம்தான் கிடைக்கும். வாங்குவதென்றால் மூர் மார்க்கெட்டிலும் பாரிமுனைச் சுற்றுவட்டாரத்திலும் பழைய காசு விற்பவர்களைப் பாருங்கள். நாணயக் கண்காட்சி நடந்தால் போங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் வாங்குங்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். பையில் பத்து மடங்கு லென்ஸ், சின்ன ஊதா டார்ச், ஸ்டீல் ஸ்கேல் இருக்கட்டும். லென்ஸை எடுத்ததும் முகம் மாறுகிற வியாபாரியிடம் நான் பேரம் பேசுவதில்லை.

என் நோட்டு எவ்வளவு போகும்?

தினமும் கேட்கப்படுவது இதுதான். ரேட் கார்டு கிடையாது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் பிழை தெரிய வேண்டும், நோட்டு புதிதாக இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் நடந்தது என்று ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். மூன்றும் இருந்தால் வாங்க ஆள் வரும். லேசான மைத் தீற்றலுக்கு நோட்டின் மதிப்பைவிட ஒரு டீக்காசு அதிகம் கிடைத்தால் பெரிய விஷயம்.

ராஜாஜி சாலை ரிசர்வ் பேங்க்ல காட்டினா இது ஒரிஜினல் எரர்னு எழுதிக் குடுப்பாங்களா?

அந்த வேலை அங்கே கிடையாது. கிழிந்த நோட்டை விதிப்படி மாற்றுவார்கள், அவ்வளவுதான். சான்றிதழ் வேண்டுமென்றால் தனியார் தரநிர்ணய நிறுவனங்கள் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் அதிகம் சொல்வது அமெரிக்காவின் பி.எம்.ஜி. எழுபது வரைக்கும் மதிப்பெண் போட்டு, பிழையின் பெயரையும் எழுதி, உறையில் மூடித் தருவார்கள். உறையைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். அதில் உள்ள எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு, வருகிற படமும் கையில் உள்ள நோட்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். சின்ன நோட்டுக்கு இந்தச் செலவெல்லாம் கட்டுப்படியாகாது.

பழைய நோட்டை லட்சக்கணக்குல வாங்கறோம், ரிசர்வ் பேங்க் கமிஷன் கட்டுங்கன்னு போன் வந்துச்சு.

வையுங்கள் போனை. ரிசர்வ் வங்கி இந்த வியாபாரத்தில் இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டிருக்கிறது. கொருக்குப்பேட்டை அம்மா ஒருவர் ஐந்து ரூபாய் நோட்டுக்காக எட்டாயிரம் கட்டிவிட்டு வந்து அழுதார்.

செல்லாத 500, 1000ல எரர் இருந்தா வச்சுக்கலாமா?

கணக்கு இருக்கிறது. 2017இல் வந்த சட்டப்படி, அந்தப் பழைய நோட்டுகள் மொத்தமாகப் பத்துக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது அந்த நோட்டுகளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வேறு கதை. 2023 மே மாதம் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள், ஆனால் அது செல்லாது என்று அறிவிக்கவில்லை.

நான் எரர்னு நினைச்சு வச்சிருக்கறது கள்ள நோட்டா இருந்துட்டா?

தெரிந்தே, நல்ல நோட்டு என்று தள்ளிவிடும் எண்ணத்தோடு வைத்திருப்பதுதான் குற்றம். சந்தேகம் வந்தால் கடையில் மாற்றப் பார்க்காதீர்கள். பேங்கில் கொடுத்தால், கள்ள நோட்டு என்று முடிவானதும் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது தருவார்கள். பணம் திரும்ப வராது. ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ சிக்கினால் போலீசில் வழக்குப் பதிவாகும்.

எப்படிப் பத்திரமா வைக்கறது? லேமினேட் பண்ணலாமா?

ஐயோ, வேண்டாம். லேமினேட் செய்த நோட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். இஸ்திரி, செலோடேப், ஸ்டேப்ளர் எதுவும் கூடாது. சாதா பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுக்கும். பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். கடலோரத்துக் காற்றில் ஈரம் அதிகம், ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில், தரையோரமாக இல்லாமல் மேல் தட்டில் வையுங்கள். எக்ஸ்ட்ரா பேப்பர் நோட்டின் மடலை அடிக்கடி மடித்து நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள், மடிப்பில் கிழிந்துவிடும். என்னுடையது கொஞ்சம் கிழிந்தே விட்டது.

உங்களாலயே கண்டுபிடிக்க முடியாத நோட்டு ஏதாவது இருக்காண்ணா?

ஒன்று இருக்கிறது. ஐம்பது ரூபாய், புது வரிசை, பின்பக்கம் ஹம்பி தேர். அந்தத் தேரின் குறுக்கே நூலளவு ஒரு வெள்ளைக் கோடு. அச்சுக்கு முன்பே காகிதம் சுருங்கியிருந்தால் இப்படி வரும். இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால் கோடு விரிந்து, படம் இரண்டாகப் பிரியும். இது பாதி தூரம் அப்படிப் பிரிகிறது, மீதியில் வெறும் மை தேய்ந்த மடிப்பு மாதிரி இருக்கிறது. முன்பக்கத்தில் எண் அந்தக் கோட்டின் நேர் மேலே விழுந்தும் உடையவில்லை. எண் போடுவதற்குள் சுருக்கம் நிமிர்ந்துவிட்டதா, அல்லது யாரோ பர்சில் மடித்து வைத்ததா?

நாலு வருஷமாக அது ஆல்பத்துக்குள் போகாமல் தனிக் கவரில் கிடக்கிறது. பகலில் கடைக்கு வந்தால் காட்டுகிறேன், உங்கள் லென்ஸையும் கொண்டுவாருங்கள்.